அழகு சோறு போடும் ஊர்

ஏழைக்கும் அழகாயிருக்க உரிமை உண்டு என்று சொல்லிக் கத்தியைக் கையில் எடுத்தார் ஒரு டாக்டர். ரியோ டி ஜெனிரோவில் அந்த உரிமை இன்று மாதத் தவணையாக வந்து நிற்கிறது.

ரியோ டி ஜெனிரோவின் பழைய நகரப் பகுதியில், உள்நாட்டு விமான நிலையத்துக்கும் படகுத் துறைக்கும் நடுவே, தூண்கள் தாங்கிய நீண்ட முகப்புடன் நிற்கிறது சாண்டா காசா டா மிசெரிகோர்டியா. 'கருணையின் புனித இல்லம்' என்று பொருள். கோவாவின் சரித்திரம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானதுதான். போர்த்துகீசியர்கள் கப்பலில் போய் இறங்கிய இடத்திலெல்லாம் ஒரு கோட்டை, ஒரு தேவாலயம், கூடவே ஏழை எளியவர்களுக்காக ஒரு மிசெரிகோர்டியா என்று கட்டி வைத்தார்கள். ரியோவில் உள்ளது 1582ல் தொடங்கியது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. இப்போதுள்ள கட்டடம் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

இந்தத் தர்ம ஆஸ்பத்திரியின் 38ஆம் எண் வார்டு, மருத்துவ உலகில் ஊர் பெயரை விடப் பிரபலமாக இருந்த காலம் உண்டு. அதன் முன்னால் நின்ற வரிசையும் நம்மூர் அரசு ஆஸ்பத்திரி வரிசை போலத்தான் இருக்கும். வீட்டு வேலை செய்யும் பெண்கள், கடைகளில் கல்லாவில் உட்காரும் பெண்கள், தையல்காரிகள், ஓய்வு பெற்ற ஆசிரியைகள். விடியற்காலையில் புறநகர் ரயில் பிடித்து வந்தவர்கள். வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். அவர்களில் பலருக்கு நோய் எதுவும் இல்லை. மூன்று பிள்ளை பெற்ற வயிறு தளர்ந்துவிட்டது, மார்பு சரிந்துவிட்டது, மகனுக்குக் காது விடைத்துக்கொண்டு நிற்பதால் பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்கள், மூக்கு அகலமாக இருக்கிறது. இவைதான் புகார்கள். இவற்றுக்காக அவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்து, இலவசமாகவோ சொற்பக் கட்டணத்திலோ கத்தியின் கீழ் படுத்தார்கள்.

அழகு சோறு போடுமா என்று நம் பாட்டிமார்கள் கேட்பார்கள். 'போடும்' என்று இந்த வரிசை பதில் சொன்னது.

வார்டை உருவாக்கியவர் இவோ பிட்டாங்கி. பெலோ ஒரிசோன்ட்டே நகரத்து டாக்டர் ஒருவரின் மகன். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பயிற்சி பெற்று 1950களில் ஊர் திரும்பியபோது, இந்தத் துறையின் பெருமையெல்லாம் போரில் முகம் சிதைந்த சிப்பாய்களைச் சீர்செய்ததில்தான் இருந்தது. பிட்டாங்கிக்கும் ஒரு போர்க்களம் வாய்த்தது, அதுவும் மிகக் கொடூரமாக. ரியோவுக்கு எதிர்க்கரையில், குவானபாரா விரிகுடாவைத் தாண்டினால் நிட்டரோய். 1961 டிசம்பர் 17ஆம் தேதி அங்கே ஒரு சர்க்கஸ் கூடாரம் காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே தீப்பிடித்துச் சரிந்தது. 500 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருந்த ஞாயிற்றுக்கிழமை அது. பிழைத்தவர்களின் வெந்த தோலோடு நாள்கணக்கில், வாரக்கணக்கில் போராடிய டாக்டர்களில் முன்னே நின்றவர் பிட்டாங்கி. தோலைச் சரிசெய்தால் மட்டும் போதாது, பார்க்கச் சகிக்காத முகத்தோடு வாழ நேர்வதும் ஒரு வியாதிதான் என்ற எண்ணம் அந்த வார்டுகளில் வலுப்பெற்றது என்று பின்னாளில் அவர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

(அந்தத் தீயிலிருந்து இன்னொரு மனிதரும் புறப்பட்டார். லாரித் தொழில் செய்துவந்த ஜோசே தத்ரினோ என்பவர் செய்தி கேட்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, சாம்பல் மூடிய அந்த இடத்தில் தோட்டம் போட்டு, துக்கத்தில் இருந்தவர்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு அங்கேயே தங்கினார். பிறகு தாடியும் நீள அங்கியுமாக ஊர் ஊராக அலைந்து அன்பைப் பற்றிப் பேசினார். ரியோவின் பஸ் நிலையத்தருகே மேம்பாலத் தூண்களில் அவர் எழுதி வைத்த வாசகங்களை நகரம் இன்றும் பாதுகாக்கிறது. சிகிச்சையில் எத்தனையோ வகை.)

1963ல் பிட்டாங்கி பொட்டாஃபோகோ பகுதியில் சொந்த கிளினிக் திறந்தார். உலகத்துப் பணக்காரர்களும் சினிமா நட்சத்திரங்களும் அங்கே வந்தார்கள். யார் யார் என்று அவர் வாய் திறந்ததில்லை. அங்ரா டோஸ் ரெய்ஸ் அருகே அவருக்குச் சொந்தமாக ஒரு தீவே இருந்தது. ஆனால் சாண்டா காசாவின் 38ஆம் வார்டை அவர் விடவில்லை. சீமாட்டிகளுக்குக் கிடைப்பது வேலைக்காரிக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்பது அவர் வாதம். பணக்காரிக்கு மனம் நொந்தால் அது வேதனை, ஏழைக்கு நொந்தால் அது ஆடம்பரமா? கேள்வியில் நியாயம் இருந்தது. பிரேசில் மக்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியதற்கும் அதுவே காரணம்.

வார்டுக்கு இன்னொரு பயனும் இருந்தது. பல நாடுகளிலிருந்து இளம் டாக்டர்கள் நூற்றுக்கணக்கில் அங்கே வந்து பயிற்சி பெற்றார்கள். கற்றுக்கொள்ள உடல்கள் வேண்டும். அந்த உடல்களைத் தந்தது வரிசை. இலவசமாகக் கிடைத்த அழகுக்கு ஏழைகள் கொடுத்த விலை அது என்று சொன்னால் டாக்டர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் தொழில் பழகிய கைகள் பிறகு எந்தத் தெருவில் கிளினிக் திறந்தன என்பது ஊருக்கே தெரியும்.

பிட்டாங்கியின் வாதம் இந்தியர்களுக்குப் புதிதல்ல. சுஸ்ருதர் பெயரைச் சொல்லாமல் பிளாஸ்டிக் சர்ஜரி பற்றி எந்தப் பாடப் புத்தகமும் தொடங்குவதில்லை. 1794ல் லண்டன் பத்திரிகை ஒன்று, திப்பு சுல்தானின் ஆட்களிடம் பிடிபட்டு மூக்கறுபட்ட ஒரு வண்டிக்காரருக்குப் புனே பக்கத்து வைத்தியர் நெற்றித் தோலை மடித்து இறக்கிப் புது மூக்கு வைத்த கதையைப் படத்துடன் வெளியிட்டது. அதைப் படித்துத்தான் ஐரோப்பா இந்த வித்தையைக் கற்றது. மூச்சு விடுவதற்காக மட்டும் அந்த வண்டிக்காரர் மூக்கு கேட்கவில்லை. மூக்கறுபடுவது என்றால் நம் மொழியில் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அவமானம் தாங்காமல்தான் அவரும் போய் உட்கார்ந்தார்.

ஆனால் மூக்கு இல்லாதவருக்கு மூக்கு வைப்பது ஒன்று. இருக்கிற மூக்கை வேறு மூக்காக்குவது வேறு. அந்த வேறு மூக்கு யாருடையது என்ற கேள்விக்கு 38ஆம் வார்டுக்குள் பதில் கிடைக்காது. ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்து கொஞ்சம் நடக்க வேண்டும்.

வெளியே வந்ததும் முதலில் தெரிவது ஒரு வெற்றிடம். ஆஸ்பத்திரிக்கு அருகே ஒரு குன்று இருந்தது. காஸ்டெலோ குன்று. 1567ல் போர்த்துகீசியர்கள் நகரத்தைக் கொண்டு வந்து நிறுத்தியது அதன் மேல்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரியோவின் பெரிய மனிதர்களுக்குத் தங்கள் ஊர் முகமே பிடிக்காமல் போயிற்று. பாரிஸ் போல இல்லையே என்ற ஏக்கம். மேயர் பெரெய்ரா பாஸோஸ் 1903 முதல் 1906 வரை நூற்றுக்கணக்கான ஒண்டுக் குடித்தன வீடுகளை இடித்துத் தள்ளி அகலச் சாலை போட்டார். 'இடித்துத் தள்ளு' என்பதே அந்தக் காலத்துக்கு மக்கள் வைத்த பெயர். இடம் இழந்தவர்கள் குன்றுகளின் மேல் ஏறிக் குடிசை போட்டார்கள். அடுத்து, 1922 சுதந்திர நூற்றாண்டுப் பொருட்காட்சிக்காகக் காஸ்டெலோ குன்றையே வெட்டத் தொடங்கினார்கள். காற்றோட்டத்தைத் தடுக்கிறது, சுகாதாரக் கேடு, பார்க்க நன்றாக இல்லை என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. குன்றின் மேல் ஏழைகள் வசித்தார்கள் என்பதும் காரணங்களில் ஒன்று. இயந்திரங்களாலும் பீய்ச்சியடித்த தண்ணீராலும் குன்று கரைந்தது. மண் கடலை நிரப்பப் போயிற்று. நகரம் பிறந்த இடம் என்று காட்ட இப்போது மிச்சம் இருப்பது ஆஸ்பத்திரியை ஒட்டி மிசெரிகோர்டியா சரிவு என்ற ஒரு சிறு கல் பாதை. உருளைக் கற்கள் பதித்த பாதை சில அடிகள் மேலே ஏறும். பிறகு ஏறுவதற்கு ஒன்றும் இல்லாததால் நின்றுவிடும்.

ஊருக்கு அதன் பிறகும் சிகிச்சைகள் நடந்தன. 1960களில் கடலில் மண் கொட்டிப் பிளமெங்கோ பூங்கா வந்தது. 1970 வாக்கில் கோபகபானா கடற்கரைக்கு மணல் கொட்டி அகலமாக்கினார்கள். சுற்றுலாப் பயணிகள் இயற்கை அழகு என்று படம் எடுத்துக்கொள்வதில் பாதி கட்டியமைத்தது. மலைகள் மட்டும் அசல்.

பாஸோஸ் போட்ட சாலைக்கு இன்று ரியோ பிராங்கோ அவென்யூ என்று பெயர். அதன் மேல் தேசிய நுண்கலை அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் சேகரிப்பில் மொடெஸ்டோ புரோக்கோஸ் 1895ல் வரைந்த ஓவியம் ஒன்று உண்டு. மண் சுவர் வீடு. வாசலில் கறுப்பு நிறப் பாட்டி, வெறுங்காலோடு நின்று இரு கைகளையும் வானத்தை நோக்கி உயர்த்தியிருக்கிறார். பக்கத்தில் மாநிறத்தில் அவர் மகள். அவள் மடியில் வெள்ளை வெளேரென்று ஒரு குழந்தை. அருகே அலட்சியமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் வெள்ளைத் தகப்பன். பாட்டி கடவுளுக்கு நன்றி சொல்கிறார், பேரன் வெள்ளையாகப் பிறந்ததற்கு.

இது ஓர் ஓவியரின் தனிப்பட்ட கற்பனை என்று விட்டுவிட முடியாது. 1911ல் லண்டனில் நடந்த உலக இனங்கள் மாநாட்டில் ரியோ தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநர் ஜோவாவ் பாட்டிஸ்டா டி லசெர்டா இந்தப் படத்தையே சான்றாகக் காட்டினார். கலப்பு மணத்தாலும் ஐரோப்பியக் குடியேற்றத்தாலும் இன்னும் நூறு ஆண்டுகளில் பிரேசிலில் கறுப்பர்களே இருக்க மாட்டார்கள் என்று கணக்குச் சொன்னார். பெருமையாகச் சொன்னார். அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1888ல்தான். சுமார் 9 லட்சம் ஆப்பிரிக்கர்கள் வந்து இறங்கியதாகக் கணக்கிடப்படும் வலோங்கோ துறை இந்த அருங்காட்சியகத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. கப்பலில் வற்றிப்போன உடல்களுக்கு அங்கே சோறு போட்டுத் தேற்றி, தோல் பளபளக்க எண்ணெய் தடவி விற்பனைக்கு நிறுத்துவார்கள். உடம்பைப் பார்த்து விலை சொல்லும் வழக்கம் ரியோவுக்கு நேற்று வந்ததல்ல.

லசெர்டாவின் கணக்கு பலிக்கவில்லை. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களைக் கலப்பினத்தவர் என்று சொல்லிக்கொண்டவர்கள் 45.3 சதவீதம், கறுப்பர் 10.2 சதவீதம், வெள்ளையர் 43.5 சதவீதம். ஆனால் அந்த ஓவியத்துப் பாட்டி போகவில்லை. 20ஆம் நூற்றாண்டு முழுவதும் பிரேசில் நாளிதழ்களின் வேலை விளம்பரங்களில் 'நல்ல தோற்றம் தேவை' என்று ஒரு வாசகம் வரும். விற்பனைப் பெண், வரவேற்பாளர், செயலாளர், சில சமயம் சமையல்காரி வேலைக்குக்கூட. விண்ணப்பிக்கும் கறுப்புப் பெண்களுக்கு அது என்ன சொல்கிறது என்று புரிந்துவிடும். நிறம் என்று அச்சில் போட வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை மணமகள் தேவைப் பக்கத்தைப் படித்து வளர்ந்த நமக்கும் இந்தச் சங்கேத மொழியை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

தலைமுடியில் சுருட்டை, மூக்கில் அகலம், உதட்டில் தடிப்பு. மூக்கைச் சன்னமாக்கும் அறுவை சிகிச்சைக்கு அந்நாட்டு மருத்துவக் கட்டுரைகளில் 'நீக்ரோ மூக்குத் திருத்தம்' என்றே வெகுகாலம் பெயர். திருத்தம் என்றால் முன்பு இருந்தது பிழை என்று ஆகிறது. 1993ல் ரியோவின் டிஜுக்கா பகுதியில், முன்பு வீட்டு வேலை செய்துவந்த கறுப்பினப் பெண் ஒருவர் தானே கலக்கிக் கண்டுபிடித்த மருந்தை வைத்து ஒரு சலூன் தொடங்கினார். சுருட்டை முடியை நேராக்குவதல்ல, தளர்த்திப் படிய வைப்பது அதன் வேலை. கூட்டம் அலைமோதிப் பல கிளைகள் கொண்ட நிறுவனமாக வளர்ந்தது. அதற்கு வைத்த பெயர் 'இயற்கை அழகு'. மருந்து போட்ட பிறகு வரும் இயற்கை.

ரியோவில் வறுமைக்கு வடக்கு, வசதிக்குத் தெற்கு. சுரங்கப் பாதை வழியாகத் தெற்கு மண்டலத்துக்குப் போனால் கோபகபானா, அதைத் தாண்டி இபனீமா. 1962ல் டாம் ஜோபிமும் வினிசியஸ் டி மொராயிஸும் இபனீமாவின் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்திருந்த காலத்தில், கடற்கரைக்குப் போகும் வழியில் தினமும் கடந்து போன 17 வயதுப் பெண்ணை நினைத்து எழுதிய பாட்டு உலகத்தையே சுற்றி வந்தது. இன்று அந்தக் கடைக்குப் பாட்டின் பெயர், தெருவுக்குக் கவிஞரின் பெயர். ஒரு பெண் தெருவில் நடந்து போனாள் என்பதற்காகத் தெருவின் பெயரையே மாற்றிய ஊரில் மற்றப் பெண்கள் சாதாரணமாக நடந்து போக முடியுமா?

அதற்கும் முன்பே ஒரு பாடம் நடந்தது. 1954ல் மிஸ் பிரேசில் பட்டம் பெற்ற பாயியா மாநிலத்துப் பெண் மார்த்தா ரோஷா, அமெரிக்காவில் நடந்த மிஸ் யுனிவர்ஸ் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றார். இடுப்புச் சுற்றளவு 2 அங்குலம் கூடிப்போனதால்தான் மகுடம் போயிற்று என்று ஊருக்கு ஒரு செய்தி வந்தது. நாடே கொதித்தது. பாட்டுக் கட்டினார்கள். அவர் பெயரில் ஒரு கேக்கூடச் செய்தார்கள். அந்த 2 அங்குலக் கதை பத்திரிகையாளர் ஒருவர் இட்டுக்கட்டியது என்பது பிறகு வெளிவந்தது. அதனால் என்ன? அரை நூற்றாண்டுக்கும் மேலாக, 2020ல் அவர் இறக்கும் வரை, மார்த்தா ரோஷா என்றால் 2 அங்குலம்தான். டேப்பை வைத்து உடம்பை அளக்கும் பழக்கம் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. 2001ல் மிஸ் பிரேசிலான ஜூலியானா போர்ஜெஸ், மகுடத்துக்காகப் பலமுறை கத்தியின் கீழ் படுத்ததை மறைக்கவே இல்லை. வெளிநாட்டுப் பத்திரிகைகள் அதிர்ந்தன. பிரேசிலில் பலருக்கு அதில் அதிர்ச்சி அடைய என்ன இருக்கிறது என்று புரியவில்லை.

எந்த அளவு அழகு என்பதும் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒரு காலத்தில் ரியோவின் வசதியான வீட்டுப் பெண்கள் மார்பைச் சிறிதாக்கிக்கொள்ளத்தான் டாக்டரிடம் போனார்கள். பெரிய மார்பு பால் கொடுக்கும் தாதியை, அதாவது அடிமைக் காலத்தை நினைவுபடுத்தியது. 1990களின் இறுதியில் வட அமெரிக்க மோகம் வந்ததும் அதே பெண்களின் மகள்கள் சிலிக்கான் பை வைத்துப் பெரிதாக்கிக்கொண்டார்கள். குறைத்தாலும் கூட்டினாலும் பில் ஒன்றுதான்.

பிரேசிலில் இதற்கெல்லாம் சுருக்கமாக 'பிளாஸ்டிகா' என்று பெயர். அலுவலகத்தில், பஸ்ஸில், சலூனில், யார் பிளாஸ்டிகா செய்துகொண்டார், யாரிடம், எத்தனை தவணை என்ற பேச்சு நம்மூரில் நகைக் கடைச் சேதாரம் பேசுவதைப் போலச் சகஜமாக நடக்கும். தவணை என்பதுதான் இதில் முக்கியமான சொல். அங்கே செருப்பு முதல் குளிர்பதனப் பெட்டி வரை மொத்த விலையை விட மாதத் தவணையைத்தான் பெரிய எழுத்தில் எழுதி வைப்பார்கள். கிளினிக்குகளும் அதே வழியில் போயின. அதையும் தாண்டி ஒன்று உண்டு. தமிழ் வாசகருக்கு அதை விளக்க வேண்டிய அவசியமே இல்லை, ஏனென்றால் அது சீட்டு. 'கொன்சார்சியோ' என்று பெயர். ஒரு குழு சேர்ந்து மாதாமாதம் பணம் கட்டும். குலுக்கலில் பெயர் வந்தவருக்கு, அல்லது கூடுதலாகக் கட்ட ஏலம் கேட்டவருக்கு அந்த மாதம் தொகை கிடைக்கும். கார், பைக், வீட்டுக்காக இருந்த இந்தத் திட்டம் 2009ல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் சேவைகளுக்கும் விரிந்தது. கல்யாணச் செலவு, படிப்பு, பிளாஸ்டிக் சர்ஜரி. நம் பெண்கள் சீட்டுப் பிடித்து மகளுக்கு வளையல் செய்கிறார்கள். அங்கே சீட்டு விழுந்தால் வயிறு குறையும்.

இதனால்தான் 38ஆம் வார்டின் பெருமையைச் சொல்லும்போது நாக்கு கொஞ்சம் தடுமாறுகிறது. பிட்டாங்கி உரிமை என்று சொன்னதை நாடு கடமையாக எடுத்துக்கொண்டது. செய்துகொள்ள வசதி இல்லாதவரையில் தளர்ந்த வயிறு விதி. இலவசமாகவோ தவணையிலோ செய்துகொள்ளலாம் என்று ஆனபிறகு அதே வயிறு அலட்சியம், சோம்பேறித்தனம், தன்னைப் பேணத் தெரியாமை. வேலை கேட்டுப் போகும் நாற்பது வயதுப் பெண்ணின் முகத்தில் சுருக்கம் இருந்தால் அது வயதல்ல, தவணை கட்டாத குற்றம். டாக்டர்கள் குறிப்பேட்டில் எழுதுவது 'தன்மதிப்பு' என்ற சொல்லை. தன்மதிப்புக் குறைவு நோய், அதற்கு மருந்து கத்தி. தன்மதிப்பைக் குறைத்தது யார் என்ற வரிக்கு அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

நியாயத்துக்குச் சொன்னால், அரசு நல்லதும் செய்திருக்கிறது. 1988 அரசியல் சட்டத்தின் வழியாக வந்த பொது சுகாதாரத் திட்டத்தில் எல்லோருக்கும் இலவச சிகிச்சை. புற்றுநோயால் மார்பகத்தை இழந்த பெண்ணுக்கு அதை அரசு ஆஸ்பத்திரியிலேயே திரும்ப அமைத்துத் தர வேண்டும் என்று 1999ல் சட்டமே வந்தது. எந்த நாடும் பின்பற்றலாம். அதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

நிற்கவில்லை. சர்வதேச அழகு அறுவை சிகிச்சை நிபுணர்கள் சங்கத்தின் கணக்குப்படி 2013ல் பிரேசில் சுமார் 14.9 லட்சம் அறுவை சிகிச்சைகளோடு அமெரிக்காவையே முந்தியது. 2023ல் அந்த எண்ணிக்கை 21 லட்சத்தைத் தாண்டியது. நாட்டின் மக்கள்தொகை 20 கோடிக்குச் சற்று மேல். அமெரிக்காவின் மக்கள்தொகை அதைவிட அதிகம், பணம் பல மடங்கு அதிகம்.

இத்தனை கூட்டம் இருக்கும் இடத்தில் போலிகளும் குறுக்கு வழியும் வராமல் இருக்குமா? 2018 ஜூலையில், தூர மாநிலம் ஒன்றிலிருந்து விமானம் ஏறி ரியோ வந்த வங்கி அதிகாரியான ஒரு பெண், பாரா டா டிஜுக்கா பகுதியில் டாக்டர் ஒருவரின் அடுக்குமாடி வீட்டில் பின்புறத்தைப் பெரிதாக்க ஊசி போட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரி அல்ல, வீடு. உடம்புக்குள் போனது அக்ரிலிக் வகைப் பிசின். சில மணி நேரத்தில் மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. டாக்டரை லட்சக்கணக்கானோர் சமூக வலைத்தளத்தில் பின்தொடர்ந்தார்கள். பட்டப்பெயரே பின்புறத்தை வைத்துத்தான். போலீஸ் சில நாள் தேடிப் பிடித்தது. அவரைத் திட்டித் தீர்த்த பத்திரிகைகளில் அடுத்த பக்கத்தைப் புரட்டினால் கடற்கரைக்குத் தயாராகும் உடம்புக்குப் பத்து யோசனைகள்.

கொழுப்பை உறிஞ்சிப் பின்புறத்தில் செலுத்தும் முறைக்கு உலகம் முழுவதும் பிரேசில் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். இடுப்பு, தொடைப் பகுதியைத் திருத்தும் முறை பற்றி 1964லேயே பிட்டாங்கி கட்டுரை எழுதியிருந்தார். பின்னால் வந்தவர்கள் கொழுப்பை ஆழமாகச் செலுத்தினார்கள். அது ரத்தக் குழாயில் புகுந்து நுரையீரலை அடைத்தால் மரணம். 3,000 பேரில் ஒருவர் இறக்கக்கூடும், எந்த அழகு சிகிச்சையிலும் இல்லாத அபாயம் இது என்று அறுவை சிகிச்சை நிபுணர் சங்கங்களே 2018ல் கூட்டாக எச்சரித்தன.

பிட்டாங்கியை இதற்கெல்லாம் பொறுப்பாக்குவது சரியல்ல. தேர்ந்த கை, சுத்தமான அரங்கு, பொறுமையான பேச்சு என்று வாழ்ந்தவர். 1999 கார்னிவலில், வடக்கு மண்டலத்து ஏழைப் பகுதியான பிலாரெஸின் சம்பா பள்ளி அவரையே கருப்பொருளாக எடுத்து, ஆட்டமும் பாட்டமுமாக அலங்கார வண்டிகளோடு ஊர்வலம் வந்தது. ஒரு டாக்டரை நடுவில் வைத்துத் தேர்த் திருவிழா நடத்திய ஊர் வேறு இருக்குமா தெரியாது. 2016 ஆகஸ்ட் 5ஆம் தேதி, ரியோ ஒலிம்பிக் தொடங்கிய நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்து ஜோதியை ஏந்தினார். மறுநாள் வீட்டில் மாரடைப்பால் இறந்தார். கச்சிதமான உடல்களைக் காண உலகமே ரியோவைப் பார்த்துக்கொண்டிருந்த வாரம் அது.

கோபகபானாவில் ஞாயிற்றுக்கிழமைகளில் கடலோரச் சாலையின் ஒரு பாதியில் வாகனங்களுக்குத் தடை. ரியோவிலேயே முதியவர்கள் மிக அதிகமாக வசிக்கும் பகுதிகளில் இதுவும் ஒன்று. முதன்முறையாக வரும் இந்தியரைத் திகைக்க வைப்பது சுவரொட்டிகளில் உள்ள உடல்கள் அல்ல, மணலில் உள்ளவை. எழுபது வயதுப் பெண்கள் இரண்டு துண்டு நீச்சல் உடையில், சுருங்கிய தோலும் தொங்கும் சதையுமாக, நாற்காலி போட்டு அரட்டை அடித்துக்கொண்டிருக்கிறார்கள். யாரும் துண்டை எடுத்துப் போர்த்திக்கொள்வதில்லை. யாரும் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. இத்தனை கத்திகள் உள்ள ஊரில் இத்தனை கூச்சமின்மையும் இருப்பது எப்படி என்று சமூகவியலாளர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள்.

கடலைப் பார்த்த கட்டடங்களில் இரண்டு லிஃப்ட் இருக்கும். ஒன்று குடியிருப்பவர்களுக்கு, மற்றது வேலை செய்பவர்களுக்கு. வாரம் முழுவதும் இரண்டாவது லிஃப்டில் ஏறி இறங்கிய பெண்கள் ஞாயிறன்று வடக்கு மண்டலத்திலிருந்து பஸ்ஸிலும் மெட்ரோவிலும் குடும்பத்தோடு இதே கடற்கரைக்கு வருகிறார்கள். கடையில் வாங்கினால் கட்டுப்படியாகாது என்று வீட்டிலிருந்தே கோழிக்கறியும் வறுத்த மரவள்ளி மாவும் டப்பாவில் கட்டிக்கொண்டு வருவார்கள். அந்த மாவின் பெயரை வைத்தே தெற்கு மண்டலத்தார் அவர்களுக்கு ஓர் ஏளனப் பெயர் வைத்திருக்கிறார்கள். இரு தோள்களிலும் தகர டிரம் தொங்க, குளிர்ந்த தேநீர் விற்கும் பையன்கள் கூவிக்கொண்டே போகிறார்கள். மூன்று பிள்ளை பெற்ற வயிறுகள் வெயில் காய்கின்றன. பிள்ளைகள் அலையில் குதித்துவிட்டு ஓடிவந்து அந்த ஈர வயிற்றில் தலை வைத்துப் படுக்கிறார்கள். இருட்டுவதற்குள் பஸ் பிடிக்க வேண்டும். காலையில் வேலைக்குப் போக வேண்டும்.